ஊறுகாய் விருந்தும் சேற்றுச் சாலையும்

மார்ச் 4, புதன்

இன்று முதல் ஊரின் இணையப் பக்கம் என் கையில்!

நேற்று ஊர்க்கூட்டம். எல்லா ஓட்டெடுப்பும் முடிந்தபின் மிஸஸ் ஸ்டாடர்ட் கடைசியாக ஒன்று கேட்டார். பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பர்லிங்டனுக்குக் குடிபோய்விட்டார், இனி யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று. மடக்கு நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் குனிந்து தங்கள் பூட்ஸையே பார்த்தார்கள். நான் கை தூக்கினேன். எட்டாம் வகுப்புப் படிப்பவள் கூட்டத்தில் ஓட்டுப் போட முடியாது. கை தூக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

மிஸஸ் ஸ்டாடர்ட் ஊர் அலுவலகச் செயலர். நாய்க்கு உரிமம் என்றாலும் கல்லறையில் இடம் என்றாலும் அவர் மேசைக்குத்தான் போக வேண்டும். நான் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியது அவருக்குத் தெரியும். "லகாஸ் வீட்டுப் பொண்ணே எழுதட்டும். ஆர்மண்டுக்குத்தான் நாலு வார்த்தை சேர்ந்து வராது, மகளுக்காவது வரட்டும்" என்றார். கூட்டமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

அப்பாதான் ஊரின் மண் சாலைகளுக்குப் பொறுப்பு. பனி உருகிச் சேற்றுக்காலம் வந்ததும் எந்தச் சாலை திறப்பு, எது மூடல் என்று அவர் சொல்வார், நான் பக்கத்தில் போட வேண்டும். அதற்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. முதல் வேலை அதைவிட இனிப்பானது. பதினான்காம் தேதி பாகு விருந்துக்கு அறிவிப்பு எழுத வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

எழுதி முடித்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது.

கொதிக்கும் மேப்பிள் மரப் பாகைப் பனிமேல் ஊற்றி, அது இழுபட்டு வரும்போது சுருட்டித் தின்கிறோமே, நடுநடுவே ஏன் புளிப்பு வெள்ளரி ஊறுகாய் கடிக்கிறோம்? அங்கிருந்து தொடங்கினேன். நாக்கு இனிப்பில் களைத்துப்போகிறது, ஊறுகாய் அதைத் துடைத்துவிட்டு மறுபடி பசியைக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு பனியின் வகைகள், மரத்தின் பொறுமை, பாகு காய்ச்சும் கொட்டகையின் ஆவி. எல்லாம் ஒரே பத்தி. உடைக்க மனம் வரவில்லை. ஓடுகிற ஆறு நடுவில் நின்று மூச்சு வாங்குமா?

எழுத்துக்கு வெளிர் சாம்பல் நிறம், பின்னால் பாலாடை நிறம். எழுத்து லேசாகச் சாய்ந்திருக்கிறது. பழைய புத்தகத்தின் முதல் பக்கம் போலவே இருக்கிறது.

ரோவீனாவுக்கு அனுப்பினேன். என் உயிர்த்தோழி என்று அவள் தானாகவே சொல்லிக்கொள்வாள். "ரொம்ப அழகா இருக்குடி. எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள். அது உள்ளேயே இருக்கிறது என்றேன். சரியாகப் படிக்கவில்லை போல.

மார்ச் 8, ஞாயிறு

மார்கோ அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அக்காவுக்கு வயிறு மேசையை இடிக்கிறது. ஏப்ரல் நடுவில் குழந்தை. மருத்துவமனைக்குப் போக மாட்டாளாம், வீட்டிலேயேதான் பெற்றுக்கொள்வாளாம். மருத்துவச்சி ஜோலீன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவார்.

அப்பா உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை. அக்கா வீடு குன்றின் மேல். ஏறிப் போக இரண்டே வழி. ஆற்று வளைவிலிருந்து நேராக ஏறும் கல்குவாரி சாலை, பின்பக்கமாகச் சுற்றி வரும் மில் சாலை. சேற்றுக்காலத்தில் காலையில் இறுகிக் கிடக்கும் சாலை மதியம் கஞ்சியாகிவிடும். இரண்டில் ஒன்று எப்போதும் போய்விடும். எது எப்போது போகும் என்று அப்பாவுக்கே முன்கூட்டித் தெரியாது.

"வேற மாசமே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றார் அப்பா.

"குழந்தைக்குக் காலண்டர் தெரியாது மாமா" என்றார் டேல் அத்தான். அம்மா அவசரமாக ரொட்டியை நீட்டினார்.

ஜோலீன் கிளம்பும்முன் ஊர்ப் பக்கத்தைப் பார்ப்பாராம். அக்கா என் பக்கம் திரும்பி, "நீதான்டி எனக்கு வழி காட்டணும்" என்று சிரித்தாள்.

மார்ச் 14, சனி

ஊறுகாய்.

எல்லாரும் ஊறுகாய்.

எழுதவே முடியவில்லை. நாளைக்கு.

மார்ச் 15, ஞாயிறு

சரி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

குடும்பப் பெயரின் ஆங்கில முதல் எழுத்தைப் பார்த்து, ஏ முதல் எச் வரை டோனட், ஐ முதல் பி வரை ஊறுகாய், மீதிப் பேர் தட்டும் முட்கரண்டியும் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு வருடமும் பிரிப்பு மாறும் என்பதால் அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் எழுதியிருந்தேன். சத்தியமாக எழுதியிருந்தேன். மரத்தின் பொறுமைக்கும் கொட்டகையின் ஆவிக்கும் நடுவில்.

முதலில் வந்த ஆப்கார் குடும்பம் ஒரு ஜாடி ஊறுகாயை மேசையில் வைத்தது. அடுத்து வந்தவர்களும் ஊறுகாய். அதற்கடுத்தும். ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து, மேசையைப் பார்த்து, கையிலிருந்த ஜாடியைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு வைத்தார்கள். முப்பது ஜாடிக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். டோனட் ஒரே ஒரு தட்டு. ரோவீனாவின் அம்மா கொண்டுவந்தது, அதுவும் கடையில் மீந்து கிடந்ததாம். முட்கரண்டியே இல்லை. பாகைக் கையால் தின்றோம். கில்மன் தாத்தாவின் தாடியில் பாகு இறுகி, அவர் மனைவி வெந்நீர் துணியோடு பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

ஏன் என்று நான் கேட்ட எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். அறிவிப்பைத் திறந்தோம், ஊறுகாய் என்று ஆரம்பித்தது, சரி ஊறுகாய்தான் போலிருக்கிறது என்று மூடிவிட்டோம்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. "நல்லா எழுதியிருந்தம்மா, முதல் ரெண்டு வரி" என்று முதுகில் தட்டினார்கள். ஜோலீனும் வந்திருந்தார். பாகு ஒட்டிய விரலை நக்கிக்கொண்டே, "நான் மூணு தரம் ஆரம்பிச்சேன் கண்ணு. மூணு தரமும் எங்கயோ பனிக்குள்ள தொலைஞ்சுட்டேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவளும் சிரிக்கவில்லை, கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை மிஸஸ் ஸ்டாடர்ட் போன் செய்தார். அன்பாகத்தான் பேசினார். விருந்து அறிவிப்பு வேறு, சாலை அறிவிப்பு வேறு, அதை மட்டும் வேறு யாரிடமாவது கொடுக்கலாமா என்றார். அப்பா என் கையிலிருந்து போனை வாங்கி, "ஏப்ரல் வரைக்கும் அவகிட்டயே இருக்கட்டும் பெவர்லி. சரியா வரலைன்னா நானே அவகிட்டருந்து வாங்கி உன்கிட்ட குடுக்கறேன்" என்றார்.

அப்பாவுக்கா நாலு வார்த்தை சேர்ந்து வராது?

மார்ச் 17, செவ்வாய்

பள்ளி முடிந்ததும் ஊர்க்கடைக்குப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைக்குள்தான் தபால் நிலையமும். எல்லாரும் வந்தே ஆக வேண்டும், வந்தவர்கள் போனை எடுத்தே ஆக வேண்டும். ஊரிலேயே இங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். கையில் புத்தகம் வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. மனிதர்களைப் படித்தேன்.

யாரும் நான் நினைத்தபடி படிப்பதில்லை! நான் இடமிருந்து வலமாக, வரிவரியாகப் படிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இவர்கள் கட்டைவிரலால் தள்ளுகிறார்கள். தள்ளிக்கொண்டே போய், எங்கே வெள்ளை இடைவெளி வருகிறதோ, எங்கே ஓர் எண் தெரிகிறதோ, அங்கே விரல் நிற்கிறது. நிற்காவிட்டால் போனை மூடிவிடுகிறார்கள். வரியின் முதல் வார்த்தையில் கண் விழுகிறது, வரியின் வால் வரை போகிறவர்கள் குறைவு. கில்மன் தாத்தா போனைக் கை எட்டுமட்டும் நீட்டிப் பிடிக்கிறார். பால் வண்டிக்காரர் கையுறையோடு தேய்க்கிறார். வெளியே பனிமேல் வெயில் அடிக்க, ஒரு பெண் காருக்குள் குனிந்து போனுக்கு நிழல் தேடிக்கொண்டிருந்தாள்.

வெளியே போய் நானும் என் அறிவிப்பைத் திறந்து பார்த்தேன். வெளிர் சாம்பல் எழுத்து. பாலாடை நிறம். வெயில். ஒன்றுமே தெரியவில்லை, என் மூக்கு மட்டும் போன் கண்ணாடியில் தெரிந்தது.

ஆக, அவர்கள் சோம்பேறிகள் இல்லை. கையில் பிள்ளை, காலில் சேறு, மனதில் வேறு வேலை. நான் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பவர்களுக்காக எழுதியிருக்கிறேன். இந்த ஊரில் அப்படிப் படிப்பது யார்? நான்தான்.

மார்ச் 18, புதன்

ரோவீனாவுக்கு ஒரு பரீட்சை வைத்தேன். என் அறிவிப்பைக் காட்டி, ஒரு தும்மல் நேரத்துக்குள் மூடிவிட்டு, என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன்.

"சுவரு" என்றாள்.

"என்ன சுவர்?"

"எழுத்துச் சுவரு. உள்ள என்னமோ நல்ல வீடுதான் இருக்கும்போல. கதவு எங்கன்னுதான் தெரியலை."

இவளைப் போய் உயிர்த்தோழி என்று வைத்திருக்கிறேன். சரியாகத்தான் சொல்கிறாள்.

மார்ச் 21, சனி

கண்டுபிடித்துவிட்டேன்! ஒத்திகைக்காக ஒரு சாலை அறிவிப்பு செய்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தலைப்பு. முக்கியமானதெல்லாம் தடித்த எழுத்து, ரொம்ப முக்கியமானது சிவப்பு, ரொம்ப ரொம்ப முக்கியமானதற்குக் கீழே கோடு. மூடல் என்றால் அழுகிற முகம், திறப்பு என்றால் சூரியன், ட்ராக்டர் மட்டும் போகலாம் என்றால் ட்ராக்டர்.

அப்பா காபியோடு வந்து நின்று பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு உங்க பெரியப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசை மாதிரி இருக்கு" என்றார்.

"அவ்வளவு சந்தோஷமாவா?"

"எல்லாரும் ஒரே நேரத்துல கத்தறாங்க. உப்பு கேட்டா யாருக்கும் காதுல விழாது."

மார்ச் 23, திங்கள்

புள்ளி வியாதி பள்ளிக்கும் பரவிவிட்டது. கவிதை பற்றிய வீட்டுப்பாடத்தையும் புள்ளி போட்டே எழுதிக் கொடுத்திருந்தேன். ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "துக்கத்துக்கு மூன்று காரணங்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறாய். இது கடைக்குப் போகிற சீட்டா?" நியாயம்தான். ஒரு நினைவு இன்னொரு நினைவைப் பிடித்துக்கொண்டு போகிற இடத்தில் பத்தி வேண்டும். வெட்டினால் ரத்தம் வரும்.

எல்லாவற்றையும் தடிமனாக்கினால் எதுவும் தடிமன் இல்லை. அப்பாவின் உப்பு இதுதான்.

மார்ச் 25, புதன்

அழித்து அழித்து எழுதி, கடைசியில் நின்றது இது.

மேலே முதல் வரி: எப்போது எழுதியது, நாள், மணி. ஏனென்றால் கடையில் எல்லாரும் முதலில் கேட்பது, "இது இன்னிக்குப் போட்டதா?"

பிறகு ஒரு சாலைக்கு ஒரு வரி. சாலையின் பெயர் முன்னால், அதன்பின் ஒரே ஒரு தடித்த வார்த்தை — திறப்பு அல்லது மூடல். வேறெதுவும் தடிப்பு இல்லை. வரிகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி. வெள்ளைமேல் கறுப்பு, பெரிய எழுத்து. முதலில் அப்பா சாலையைச் சமன் செய்யும் கிரேடரில் போகிற வரிசையில் போட்டிருந்தேன். அது அப்பாவுக்கு மட்டும் தெரிந்த வரிசை. கடையில் காட்டியபோது கில்மன் தாத்தா தன் சாலையைத் தேடித் தேடி, போனையே அணைத்துவிட்டார். அகர வரிசைக்கு மாற்றியதும் நேராகப் போய் நின்றார்.

என் சாய்ந்த எழுத்துக்கு விடை கொடுத்தேன். கொஞ்சம் வலித்தது. ஆனால் அடியில், எல்லாச் சாலைகளும் முடிந்தபின், ஒரு சின்ன மூலை வைத்துக்கொண்டேன்: "நேரம் இருப்பவர்களுக்கு." அங்கே ஒரு முழுப் பத்தி, என் இஷ்டத்துக்கு. இன்று சேற்றின் சத்தங்களைப் பற்றி எழுதினேன். பூட்ஸை அது எப்படி முத்தமிட்டு வாங்கிக்கொள்கிறது என்று.

மார்ச் 28, சனி

முதல் மூடல். அப்பா மலையடிவாரத்திலிருந்து போன் செய்தார், நான் மாற்றினேன். மதியம் இரண்டு முறை, சாயங்காலம் ஒரு முறை.

யாருமே ஒன்றும் சொல்லவில்லை. நல்லா இருக்கு என்றுகூட இல்லை. ஊறுகாய்க்கு அத்தனை பேர் முதுகில் தட்டினார்களே!

சாயங்காலம் மிஸஸ் ஸ்டாடர்டைக் கடையில் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. சேற்றுக்காலத்தில் ஆபீஸ் போன் ஓயாமல் அடிக்குமாம், எந்த ரோடு, எந்த ரோடு என்று. "இன்னிக்கு ஒரு போன்கூட வரலை. லைன் கெட்டுப்போச்சான்னு ரெண்டு தரம் தூக்கிப் பார்த்தேன்" என்றார்.

அந்தப் போன் ஏன் அடிக்கவில்லை என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்குப் புரிந்தது. ஓடியே வந்தேன். சேற்றில் ஒரு பூட்ஸ் போயிற்று.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஒரு குறை கண்டுபிடிபட்டது. தபால் வண்டி சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. ஓட்டியவர் அறிவிப்பைப் பார்த்திருக்கிறார். மூடல் என்றும் படித்திருக்கிறார். "மூடல்னு போட்ட, சரி. அப்ப எதுல போறது? அது தெரியாம பண்ணைக்குள்ள புகுந்தேன்" என்றார். அப்பா சங்கிலி கட்டி இழுத்தார்.

போகாதே என்று சொன்னால் போதுமா, எப்படிப் போவது என்றும் சொல்ல வேண்டாமா? கதவைப் பூட்டினால் கொல்லைப்பக்கம் திறந்திருப்பதைச் சொல்லத்தானே வேண்டும்! இனி ஒவ்வொரு மூடலுக்கும் கீழே ஒரு வரி: மாற்று வழி.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலை. மழை. நேற்றுச் சாயங்காலம் தொடங்கியது. பனி உருகுகிற நாளில் மழையும் சேர்ந்தால் அப்பா சாப்பிடாமலே கிளம்பிவிடுவார். கிளம்பிவிட்டார்.

மதியம். டேல் அத்தான் போன். அக்காவுக்கு வலி. ஜோலீனுக்குச் சொல்லியாயிற்று, கிளம்பிவிட்டாராம். கல்குவாரி சாலையில்தான் வருவார், எப்போதும் அதில்தான் வருவார்.

அத்தானோடு பேசிய சூடு ஆறவில்லை, அப்பாவின் போன். சிக்னலுக்காகக் குன்றில் ஏறி நின்று பேசினார், இரைச்சலில் பாதிதான் கேட்டது. கல்குவாரி சாலையில், ஆற்று வளைவுக்கு மேலே, அடியில் தண்ணீர் போகிற குழாயை வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. சாலையில் ஒரு கார் விழுகிற பள்ளம். மில் சாலை இன்னும் தாங்குகிறது. அப்பாவுக்கு அக்கா விஷயம் தெரியாது. சொன்னேன். "எழுதிடும்மா. உடனே" என்றார், வைத்துவிட்டார்.

ஜோலீனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ஆற்றோரம் முழுக்க சிக்னல் கிடையாது. ஊர்க்கடை வாசலில் மட்டும்தான் கிடைக்கும். அவர் அங்கே நிறுத்தினால் உண்டு.

எழுதினேன். அந்த ஒன்றை மட்டும் அகர வரிசையிலிருந்து எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். இன்று ஒருநாள் மட்டும்.

கல்குவாரி சாலை — மூடல். சாலையில் பள்ளம்.
மாற்று வழி: மில் சாலை. பாலம் தாண்டி இடது.

அவ்வளவுதான். வேறு என்ன எழுதுவது? அக்கா வலியில் இருக்கிறாள் என்றா? தயவுசெய்து பாருங்கள் என்றா? எழுதத் தோன்றியது. ஒரு முழுப் பத்தி அளவுக்கு. எழுதவில்லை.

பார்த்திருப்பாரா? கடையில் நிறுத்தியிருப்பாரா? நிறுத்தாமலே போயிருந்தால்? கடைக்கு போன் செய்து கேட்கலாமே — அடிக்கிறேன் — யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மனிதர்களுக்கு என்னதான் அப்படிப் பேச்சோ!

அம்மா அடுப்பைத் துடைக்கிறார். துடைத்த அடுப்பையே மறுபடி துடைக்கிறார்.

மாலை. அத்தான். பேசவே முடியவில்லை அவரால், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பெண். இரண்டு பேரும் நலம். ஜோலீன் பெரிய வலிக்கு முன்பே வந்துவிட்டாராம், கையைக் கழுவிவிட்டுத் தேநீர்கூடக் குடித்தாராம்.

அம்மா துணியைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். அவர் மேல் அடுப்பு நெடி.

ஏப்ரல் 13, திங்கள்

மில் சாலை வழியாகப் போய்ப் பார்த்தோம். பெயர் லூசில். முகம் சிவந்த, சுருங்கிய, கோபக்காரக் கிழவர் போல இருக்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அக்கா கட்டிலில் சாய்ந்து ஊறுகாய் ஜாடியிலிருந்து நேராக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். விருந்தில் மீந்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் இன்னும் இருக்கிறது. "இப்பத்தான்டி உன் அறிவிப்போட அருமை தெரியுது" என்றாள்.

ஜோலீனும் வந்திருந்தார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நேராகக் கேட்கக் கூச்சம். நேற்று வர வழி கஷ்டமாக இருந்ததா என்று சுற்றி வளைத்தேன்.

"எந்த வழி? மில் ரோட்டுலதான் வந்தேன். சேறுதான், ஆனா தாங்குச்சு" என்றார், குழந்தையின் குதிகாலைத் தேய்த்துக்கொண்டே.

"எப்பவும் கல்குவாரி ரோட்டுலதானே வருவீங்க?"

"அது மூடியிருந்துச்சே கண்ணு."

"யார் சொன்னாங்க?"

யோசித்தார். புருவத்தைச் சுருக்கி உண்மையிலேயே யோசித்தார். "தெரியலையே. எங்கயோ பார்த்தேன். கடை வாசல்ல காபி வாங்க நின்னப்பவா? என்னமோ, தெரிஞ்சுது, திரும்பிட்டேன்."

அப்பா சன்னலோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் லூசிலின் போர்வையைச் சரிசெய்தேன், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 15, புதன்

பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டதாக மிஸஸ் ஸ்டாடர்ட் எழுதியிருந்தார். பயந்துபோனேன். புதிய கடவுச்சொல்லும் அதே கடிதத்தில் இருந்தது. எனக்கு மட்டும்தானாம். "ஊறுகாய்" என்பதும் அதில் ஒரு பகுதி. முழுவதும் இங்கே எழுத மாட்டேன்.

கடையில் கில்மன் தாத்தா என்னை நிறுத்தினார். சேற்றின் சத்தம் பற்றி எழுதியதை மூன்று முறை படித்தாராம், அடுத்தது எப்போது என்றார். எனக்கு ஒரு வாசகர் இருக்கிறார்! நேரம் இருப்பவர்.

மே 9, சனி

சேற்றுக்காலம் முடிந்தது. அப்பா புதுக் குழாய் போட்டு, மேலே சரளை பரப்பி, காலையில் போன் செய்தார். நான் கடைசி வரியை மாற்றினேன்.

கல்குவாரி சாலை — திறப்பு.

கீழே மூலையில் எழுத நிறைய இருந்தது. அதன் வழியாக முதலில் இறங்கி வந்த அத்தான் வண்டியில், பின்னால் குழந்தை இருக்கையில் கட்டப்பட்டு, அத்தனை பெரிய திருப்பத்திலும் கண்ணைத் திறக்காமல் லூசில் தூங்கிக்கொண்டு வந்தாள்.